மேசைமேல் ஒரு கடற்போர்

1898 ஜூலை 3 அன்று, கியூபாவின் சாண்டியாகோ துறைமுகத்துக்கு வெளியே அமெரிக்கக் கடற்படை ஸ்பெயினின் கப்பல்களை நொறுக்கியது. அதே போரை நியூயார்க்கில் ஒரு மேசைமேல் நடத்திப் படம்பிடித்த விதத்தை, வைட்டாகிராஃப் என்ற திரைப்பட நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஆல்பர்ட் ஸ்மித் 1952இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் விவரித்தார். அரை நூற்றாண்டு கழித்துச் சொன்ன கதை. பெருமைக்காக ஊதியதும் அதில் உண்டு. செய்முறை மட்டும் நம்பும்படி இருக்கிறது.

தெருவில் விற்ற போர்க்கப்பல் படங்களை வாங்கிக் கத்தரித்தார்கள். கூட்டாளி ஸ்டூவர்ட் பிளாக்டன் ஓவியர். அவருடைய கித்தான் சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டதும் தொட்டி தயார். அதில் ஓர் அங்குலத் தண்ணீர். ஓர் அங்குலச் சதுரக் கட்டையில் ஆணியடித்ததும் கப்பல் நின்றது. கட்டையின் மேற்புறம், படத்துக்குப் பின்னே மறைந்த திட்டாக அமைந்தது. அத்திட்டில் கப்பலுக்கு மூன்று சிட்டிகை வெடிமருந்து. மெல்லிய கம்பி நுனியில் சாராயத்தில் நனைத்த பஞ்சு, அதுதான் திரி. கப்பலை இழுக்க நூல். பிளாக்டனின் மனைவி சிகரெட்டையும் அலுவலகப் பையன் சுருட்டையும் பிடித்து ஊதினார்கள்.

அந்தப் புகைதான் படத்தைக் காப்பாற்றியது என்பேன். திறந்தவெளியில் சிட்டிகை மருந்து வெடிக்காது. குபீரென எரிந்து வெண்புகை விடும், அவ்வளவே. அன்றைய பிலிமுக்கு நீல ஒளிதான் நன்றாகப் பதியும். மஞ்சள் தீ மங்கிவிடும், வெண்புகை பளிச்சென விழும். பின்னணி அட்டை நீல நிறம், அதில் வெள்ளை மேகங்கள். நீலமும் வெளுத்தே பதியும் என்பதால் அந்த மேகங்கள் வீண் வேலை! தொட்டி விளிம்பும் அட்டையும் சேரும் கோட்டை மறைக்க புகைமூட்டம் வேண்டும்.

புகையாலும் மறைக்க முடியாதது வேகம். போரில் கலந்துகொண்ட ஒரேகன் கப்பலின் நீளம் 351 அடி. அதை ஓரடி மாதிரியாக்கினால் அளவு 1:351. உண்மைக் கப்பலில் 100 அடி உயரத்திலிருந்து விழும் துண்டு கடலைத் தொட 2.5 வினாடி ஆகும். மாதிரியில் அது 9 சென்டிமீட்டர்தான், 0.13 வினாடியில் விழுந்துவிடும். வினாடிக்கு 16 பிரேம் ஓடும் கேமராவில் அது இரண்டே பிரேம். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே 351இன் வர்க்கமூலமான 19 மடங்கு வேகத்தில், அதாவது வினாடிக்குச் சுமார் 300 பிரேம் எடுத்து, 16 பிரேமாகத் திரையிட வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 பிரேம் நகரும் கைப்பிடியை வினாடிக்கு 37 முறை எவர் சுற்றுவது? இன்று செல்போனில் 240 பிரேம் எடுத்து 24ஆக ஓட்டினால் 10 மடங்கு கிடைக்கும். அதற்குப் பொருத்தமான மாதிரி 1:100.

வேகத்தைச் சரிசெய்தாலும் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். தண்ணீரின் மேற்பரப்பைத் தோல்போல் இழுத்துப் பிடிக்கும் பரப்பு இழுவிசை, மாதிரியின் அளவுக்கேற்பக் குறையாது. மாதிரியில் தெறிக்கும் 3 மில்லிமீட்டர் துளி, 1:351 அளவில் ஒரு மீட்டர் உருண்டையாகத் தெரியும். ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள சிற்றலைகளைப் பரப்பு இழுவிசையே ஆள்கிறது. அவை கடலலைபோல் உருளாமல் நடுங்கும். அதனால் தெறிக்கவிடாமல் நூலால் மெதுவாக இழுத்ததே புத்திசாலித்தனம். தட்டை அட்டை என்பதால் கப்பலைத் திருப்பவும் வழியில்லை. பக்கவாட்டு அணிவகுப்பு மட்டுமே சாத்தியம்.

இல்லினாய் மாநிலத்து வாக்கீகனில் எட்வர்ட் ஏமெட்டும் அதே ஆண்டு தொட்டியில் மாதிரிக் கப்பல்களை விட்டுப் போர் நடத்தினார். பிரான்சில் ஜார்ஜ் மெலியே அதற்கு முந்தைய ஆண்டே வேறு பாதை பிடித்தார்: கிரேக்க–துருக்கிப் போருக்காக, ஆடும் கப்பல்தளத்தை ஆளுயர அளவில் கட்டி நடிகர்களை ஏற்றினார். ஆளும் அரங்கும் முழு அளவில் இருந்ததால் வேகக் கணக்கே எழவில்லை.

1927இல் இயக்குநர் வால்டர் சம்மர்ஸ், 1914இன் கொரோனல், ஃபாக்லாந்து கடற்போர்களைப் படமாக்கியபோது பிரிட்டிஷ் கடற்படை உண்மையான போர்க்கப்பல்களையே கொடுத்து உதவியது. அப்போர்களில் எதிரியாக நின்றது தளபதி வான் ஷ்பேயின் ஜெர்மன் கப்பற்படை. சென்னையைச் சுட்ட எம்டன் அதிலிருந்து பிரிந்து வந்த கப்பல்தான்.