அது முட்டை இல்லை, அறுக்காதீர்கள்

இந்த வாரமும் வாட்ஸ்அப்பில் ஒரு படம். கட்டர் மெஷினில் இரண்டாக அறுத்த உருண்டைக் கல், உள்ளே மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள். "சார், டைனோசர் முட்டைதானே? என்ன விலைக்குப் போகும்?" நிலவியல் படித்தவனின் நம்பர் ஊரில் நாலு பேரிடம் இருந்தால் இதுதான் கதி.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரும்போது இப்படிக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. நிலவியலாளர்கள் நேரில் பார்த்து, அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரி) சார்ந்த படிவங்கள் என்றார்கள். அந்த விளக்கத்தை யார் ஃபார்வர்டு செய்தார்கள்?

அந்தப் பகுதி, டைனோசர்களின் கடைசிக் காலமான கிரிட்டேசியஸ் காலத்தில் கடலடி. சேற்றில் புதைந்த உயிரி அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறி, கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) போன்ற கனிமங்கள் சேற்றின் இடுக்குகளில் படிந்து இறுகும். எல்லாப் பக்கமும் வளர்ந்தால் உருண்டை, அவ்வளவுதான். பிறகு உள்ளே விரிசல் விட்டு, அதில் கால்சைட் நிரம்பினால் இந்தக் கோலம். விரிசல் ஏன் விட்டது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை: சிலர் சுருக்கம் என்கிறார்கள், சிலர் நிலநடுக்கம் வரை போகிறார்கள்.

சரி, முட்டைக்கு வருவோம். முட்டைக்கு ஓடு உண்டு. சில மில்லிமீட்டர் கனத்தில், நுண்துளைகளோடு, உள்ளிருப்பதிலிருந்து தனியாகத் தெரியும். உங்கள் கல்லில் ஓடு எங்கே? முட்டையில் விரிசல் வெளி ஓட்டில் விழும். இதில் விரிசல் நடுவில் அகலம், விளிம்புக்கு வரவர மெலிவு. ஒரு கூட்டு முட்டைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். உங்கள் வயலில் கோலிக்குண்டு அளவும் இருக்கிறது, பூசணி அளவும் இருக்கிறது. முக்கியமாக, டைனோசர் கடலடியில் முட்டையிடவில்லை ஐயா! மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் நிஜ முட்டைகளையே குலதெய்வக் கல் என்று கும்பிட்டு வந்தார்கள். நமக்கு நேர் எதிர்.

கட்டரைத் தொடாதீர்கள். கல்தூசு நுரையீரலுக்குக் கேடு, தெறிக்கும் சில்லு கண்ணுக்குக் கேடு. ஆசிட் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். கால்சைட்தான் முதலில் கரையும். விற்றுத் தருகிறேன் என்று விலை பேச வருபவரிடம் அட்வான்ஸ் கொடுத்து ஏமாறாதீர்கள். மழை நேரத்தில் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துப் பக்கத்து ஓடைச் சரிவுகளில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், களிமண் வழுக்கும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். கல்லைக் கிடந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள், லொகேஷனும் சேர்த்து அனுப்புங்கள். எந்த அடுக்கில் இருந்தது என்று தெரிந்தால் எங்களுக்கு அதில் வேலை இருக்கிறது. வீட்டு ஷோகேஸில் இருந்து வரும் கல்லை வைத்து நான் என்ன சொல்ல?