பில்ட் எண்ணைப் பாருங்கள், அப்புறம் அப்டேட் போடுங்கள்

அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். "சிஸ்டம் சரியில்ல சார்" என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது பில்ட் எண்ணைத்தான், அதாவது கணினியில் விண்டோஸின் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று காட்டும் எண்ணை. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, 'வின்வர்' (winver) என்று டைப் செய்து என்டர் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். வெர்ஷன் 24எச்2, பில்ட் 26100, புள்ளி வைத்து அதன் பின்னால் இன்னொரு எண் என்று காட்டும். அந்தக் கடைசி எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும். பக்கத்து மேசையிலும் விண்டோஸ் 11தான் இருக்கும், ஆனால் பில்ட் 22631 என்று காட்டலாம். அது 23எச்2. ஒன்றில் வரும் கோளாறு மற்றதில் வராமலே போகலாம்.

சில சமயம் அதே பெட்டியில் 'இவாலுவேஷன் காப்பி' என்றும் காலாவதித் தேதியும் இருக்கும். யாரோ புது வசதிகளை முன்கூட்டியே பார்க்கும் ஆசையில் மைக்ரோசாஃப்டின் இன்சைடர் என்ற சோதனைத் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தத் திட்டத்தின் கேனரி, டெவ் சேனல்களில் வருவது இன்னும் சோதனையில் இருக்கும் பில்ட். பில் போடும் கணினியில், கணக்கு எழுதும் கணினியில் அதற்கு இடமே கிடையாது. டெவ் சேனலிலிருந்து வெளியே வர, பொதுவாக டேட்டாவை பேக்கப் எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

சோதனை முடிந்து வெளிவந்ததையும் முதல் நாளே போடாதீர்கள் என்கிறேன். 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு வந்தது. 6ஆம் தேதியே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தியது. அப்டேட் போட்ட சிலரின் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்த ஃபைல்கள் காணாமல் போயிருந்தன. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றி வைப்பது நம் ஊரிலும் சகஜம். அப்படி மாற்றியபோது பழைய ஃபோல்டரிலேயே சில ஃபைல்கள் தங்கியிருக்கும். முந்தைய பதிப்பு காலி ஃபோல்டர்களை இரட்டையாக உருவாக்குகிறது என்று புகார் வந்ததால், அவற்றை நீக்க 1809இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அது காலி ஃபோல்டரோடு நிற்காமல், ஃபைல் இருந்த பழைய ஃபோல்டரையும் அழித்துவிட்டது.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம், இன்சைடர் சோதனையாளர்கள் சிலர் இதை மாதங்களுக்கு முன்பே, குறைகளைத் தெரிவிக்கும் ஃபீட்பேக் ஹப் செயலியில் எழுதியிருந்தார்கள் என்பது. அதிக ஓட்டு விழாததால் அது கவனிக்கப்படவில்லை. போதாததற்கு, அந்தப் பதிப்பு ரிலீஸ் பிரிவ்யூ என்ற கடைசிச் சோதனைப் படியையும் தாண்டி நேராக வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுதான் என்றது மைக்ரோசாஃப்ட். அந்த ஒருவருக்குப் போனது மொத்தமும்தானே! நவம்பர் 13 அன்று திருத்தி மறுபடி வெளியிட்டார்கள்.

அப்டேட்டைப் பற்றி மைக்ரோசாஃப்ட் வெளியிடும் ரிலீஸ் நோட்ஸை முழுதாகப் படிக்க நேரமில்லை என்றால், தெரிந்த கோளாறுகளைச் சொல்லும் 'நோன் இஷ்யூஸ்' பகுதியை மட்டுமாவது பாருங்கள். 2021 மார்ச்சில் கேபி5000802 என்ற அப்டேட் வந்தபின், சில பிரிண்டர்களுக்குப் பிரிண்ட் கொடுத்ததுமே நீலத் திரை வந்து கணினி நின்றுபோனது. அப்டேட்டுக்கான அடையாளமான இந்தக் கேபி எண் தெரிந்தவர்கள் அந்த ஒன்றை மட்டும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். தெரியாதவர்கள் பிரிண்டரையும் டிரைவரையும் மாற்றி மாற்றிப் பார்த்திருப்பார்கள்.

பாதுகாப்பு அப்டேட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் வரும். அமெரிக்கக் காலை என்பதால் நமக்கு இரவு ஆகிவிடும், அலுவலகங்களில் புதன்கிழமைதான் தெரியும். இதை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது ஆபத்து. ஒரு கணினியில் போட்டுப் பார்த்து, பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கணக்கு மென்பொருள் மூன்றும் ஓடினால் சில நாளில் மற்றவற்றுக்கும் போட்டுவிடுங்கள். மாதக் கடைசி வாக்கில் ஆப்ஷனல் பகுதியில் 'பிரிவ்யூ' என்ற பெயரோடு வருவது வேறு. அதில் உள்ள திருத்தங்கள் அடுத்த மாத அப்டேட்டிலேயே சேர்ந்து வந்துவிடும், அவசரப்பட வேண்டியதில்லை.

போனிலும் இதே கதைதான். ஐபோனில் பீட்டா என்ற சோதனைப் பதிப்பைப் போட்டபின் எடுத்த பேக்கப்பைப் பழைய ஐஓஎஸ்ஸில் திருப்பிப் போட முடியாது. கூகுளின் பிக்சல் போனில் ஆண்ட்ராய்டு பீட்டாவிலிருந்து பாதியில் விலகினால் போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். பீட்டா பார்க்க ஆசையென்றால் பழைய போன் ஒன்றை ஒதுக்குங்கள்.

அப்புறம், எக்செலில் ஒரு ஷீட் போதும்: கணினியின் பெயர், வெர்ஷன், பில்ட், கடைசியாகப் போட்ட கேபி எண், தேதி. கோளாறு வந்தால் அந்த வரிசையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டே போன் செய்யுங்கள்.