பேட்டரி இல்லாத ஃபாஸ்டேக் எப்படிப் பேசுகிறது?

திண்டுக்கல்லில் டாக்ஸி ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "டோல்ல ஸ்கேன் ஆகலைன்னா, 'அண்ணே, கொஞ்சம் பின்னால எடுத்து வாங்க'ன்னு சொல்றாங்க. எடுத்து வந்தா கேட் தூக்கிடுது. ஸ்டிக்கரும் அதேதான், காரும் அதேதான். ரெண்டடி நகந்ததுல என்ன மாறுச்சு?"

மாறியது அலை. அதைச் சொல்வதற்கு முன், தெரிந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அது இல்லாதவர் ரொக்கமாகக் கட்டினால் இரு மடங்கு என்று அப்போது விதித்தார்கள். 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. ஸ்டிக்கருக்குள் பணம் கிடையாது, ஓர் அடையாள எண்தான் இருக்கிறது. சுங்கச்சாவடி அந்த எண்ணைப் படிக்கிறது, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ வழியாக உங்கள் வங்கிக்குச் செய்தி போகிறது, அங்கே பணம் கழிகிறது. 2022இல் ஒரு சிறுவன் கார் கண்ணாடியைத் துடைப்பதுபோல் வாட்ச்சைக் காட்டிப் பணத்தைச் சுருட்டுகிறான் என்று வீடியோ ஒன்று சுற்றியதே, அது நடக்காத காரியம். சாவடி, வாகன நிறுத்தம் போன்ற பதிவு பெற்ற இடங்களைத் தவிர வேறு யாரும் அந்தக் கணக்கைத் தொட முடியாது.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். பழைய ஃபாஸ்டேக் ஒன்று கிடைத்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடங்கி மடங்கி ஓடும் அலுமினியக் கோடு தெரியும், அதுதான் ஆண்டெனா. நடுவே கறுப்புப் புள்ளியாக ஒரு சில்லு (சிப்), அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அவ்வளவுதான். பேட்டரி இல்லை, ஒலிபரப்பியும் இல்லை. அப்படியானால் ஐந்தாறு மீட்டர் தள்ளி மேலே தொங்கும் ரீடரோடு, அதாவது எண்ணைப் படிக்கும் கருவியோடு, இது எப்படிப் பேசுகிறது?

பேசவில்லை, பிரதிபலிக்கிறது. இரவில் ஹெட்லைட் வெளிச்சம் பட்டதும் சாலையோரப் பூனையின் கண் மின்னும் அல்லவா? பூனையிடம் விளக்கு எதுவும் இல்லை. நம் வெளிச்சத்தையே அது நமக்குத் திருப்பி அனுப்புகிறது. அது கண்ணை மூடித் திறந்தால் அதுவும் நமக்குத் தெரியும். ஃபாஸ்டேக் செய்வது இதைத்தான். ரீடர் 866 மெகாஹெர்ட்ஸ் அருகே ஓர் அலையை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த அலையில் ஒரு துளி ஆண்டெனாவில் விழும். சில்லுக்குள் இருக்கும் டயோடுகளும் மின்தேக்கிகளும் அந்தத் துளியைச் சேர்த்து நேர்மின்னோட்டமாக்கும். ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு கிடைத்தாலே சில்லு விழித்துக்கொள்ளும்.

விழித்த சில்லு செய்யும் ஒரே வேலை, ஆண்டெனாவின் இணைப்பை மாற்றி மாற்றிப் போடுவது. ஒரு நிலையில் ஆண்டெனா அலையை விழுங்கும், மறு நிலையில் திருப்பி அடிக்கும். விழுங்கு, அடி, அடி, விழுங்கு என்று நொடிக்குப் பல்லாயிரம் முறை மாற, அந்த எதிரொலியில் ஒன்றும் பூஜ்யமுமாக உங்கள் எண் ரீடருக்குப் போய்ச் சேர்கிறது. தன் குரலையே அலறிக்கொண்டு, அதன் நடுவே திரும்பி வரும் இந்த நூலிழைச் சலனத்தை ரீடர் பிரித்தெடுப்பதுதான் பெரிய வித்தை. தூரம் இரு மடங்கானால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகிவிடும். போகும்போது நாலில் ஒன்று, வரும்போது மறுபடி நாலில் ஒன்று.

இனி டாக்ஸி அண்ணனின் கேள்வி. ரீடரின் அலை நேராக மட்டும் வருவதில்லை. தார்ச்சாலையில் பட்டும், மேற்கூரையில் பட்டும், பக்கத்து லாரியின் தகரத்தில் பட்டும் வருகிறது. ஓர் அலையின் முகடும் இன்னோர் அலையின் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கரைத்துவிடும். அந்தக் குழியில் உங்கள் ஸ்டிக்கர் நின்றால் சில்லு பட்டினிதான். அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர் என்பதால் ஒரு சாண் நகர்ந்தாலே பல சமயம் குழியை விட்டு வெளியே வந்துவிடலாம். இரண்டடி என்பது தாராளம். சாவடிப் பையன்கள் இதை அனுபவத்திலேயே கற்றுவிட்டார்கள். ஸ்கேன் ஆகாததற்கு எல்லா முறையும் இதுவே காரணம் என்று சொல்லவில்லை. இருப்பு இல்லை, கேஒய்சி முடியவில்லை என்று டேக் முடக்கப்பட்டிருந்தால் மதுரை வரை ரிவர்ஸ் எடுத்தாலும் கேட் தூக்காது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். திருஷ்டிக்கென்று செப்புத் தகட்டு யந்திரத்தையும், பளபளக்கும் ஃபாயில் சாமிப் படத்தையும் ஃபாஸ்டேக்கை ஒட்டியே வைத்திருக்கும் கார்களைப் பார்க்கிறேன். உலோகம் பக்கத்தில் வந்தால் ஆண்டெனாவின் சுருதி கலைந்துவிடும். உலோகம் கலந்த வெயில் ஃபிலிமும் அப்படித்தான். டேக்கைக் கையில் பிடித்துக் காட்டினால் விரல்களில் உள்ள நீரே அலையைக் குடித்துவிடும். கண்ணேறில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருப்பவர்கள் தகட்டை டேஷ்போர்டின் ஓரத்துக்கு நகர்த்தினால் சாமியும் கோபித்துக்கொள்ளாது, பின்னால் நிற்பவரும் ஹாரன் அடிக்கமாட்டார்.

இந்த எதிரொலி வித்தை நெடுஞ்சாலைக்காகப் பிறந்ததல்ல. 1945இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்குச் சோவியத் பிள்ளைகள் மரத்தில் செதுக்கிய சின்னம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். உள்ளே தெரெமின் என்ற விஞ்ஞானி வடிவமைத்த ஒட்டுக்கேட்பான் இருந்தது. பேட்டரி இல்லை, வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சும்போது மட்டும் உயிர்பெறும். 1952 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1948இல் ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர் பிரதிபலிப்பு வழித் தொடர்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதிவிட்டார். பிறகு 1970களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மாடுகளை அடையாளம் காண இதே முறையை வளர்த்தார்கள். அன்றைக்கு யாராவது 'மாட்டுக்கு எதற்கு ரேடியோ?' என்று நிதியை வெட்டியிருந்தால்? நாம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆய்வுக்கு ஒதுக்கிவிட்டு, கருவியை மட்டும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

அடுத்த கட்டம் கேட்டே இல்லாத சாவடி. குஜராத்தில் சோரியாசி, ஹரியானாவில் கரௌண்டா ஆகிய இடங்களுக்கு 2025இல் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே பல தடங்களில் வரும் டேக்குகள் ஒரே நேரத்தில் விழிக்கும். எல்லாம் சேர்ந்து கத்தினால் ஒன்றும் புரியாது. அதனால் ஒவ்வொரு சில்லும் தனக்குள் சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணை எடுக்கும். பூஜ்யம் வந்தது முதலில் பதில் சொல்லும், மற்றவை தங்கள் முறை வரும்வரை காத்திருக்கும். ஹவாய்த் தீவுகளின் கணினிகளை இணைக்க நார்மன் ஆப்ராம்சன் குழு உருவாக்கிய அலோஹா முறையின் பேரப்பிள்ளை இது. மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகும் கார், ரீடரின் அலை எட்டும் ஆறு மீட்டரைக் கடக்க ஐந்தில் ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நொடிக்கு நூற்றுக்கணக்கில் படிக்கும் ரீடருக்கு அது போதும். டேக் படிக்காத வண்டியைக் கேமரா நம்பர் பிளேட்டை வைத்துப் பிடிக்க வேண்டும். நம் ஊரில் பிளேட்டில் தலைவர் படமும், வளைத்து வளைத்து எழுதிய எண்ணும் இருக்கிறதே, சிக்கல் அங்கேதான் வரும் என்று நினைக்கிறேன்.