எபாக்ஸி சர்ஃப் பலகைக்கு கிரைண்டர் வேண்டாம்

கோவளம், மாமல்லபுரம் பக்கம் சர்ஃபிங் பழகுகிறவர்கள் பெருகியதில், அடிபட்ட பலகையை வீட்டிலேயே சரிசெய்து பார்க்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அப்படிச் செய்து சரிவராமல் என் பட்டறைக்கு வரும் பலகைகளில், பெரும்பாலும் ரெசின் (ஃபைபர் துணிமேல் பூசிக் காயவைக்கும் பிசின்) பூச்சில் குறை இருப்பதில்லை. தேய்த்த விதத்தில் இருக்கிறது. ஓரத்தில் ஃபைபர் துணியின் நெசவு பளிச்சென்று தெரியும், விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கும். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "நாலு இன்ச் கிரைண்டர்ல டிஸ்க் போட்டுத் தேய்ச்சேன்ணா" என்பார்கள்.

ஃபைபர் படகு கட்டுகிறவர்கள் கிரைண்டரால்தானே தேய்க்கிறார்கள் என்று தோன்றலாம். படகின் சுவர் தடிமன். அதில் இருப்பது பாலியெஸ்டர் ரெசின். காய்ந்தபின் தேய்த்தால் பொடியாக உதிர்ந்துவிடும். உங்கள் எபாக்ஸி பலகை அப்படியில்லை. 2005 டிசம்பரில் பலகைகளின் உள்ளீட்டு ஃபோமைச் செய்துவந்த கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம் நிறுவனம் திடீரென்று மூடப்பட்டபின், தெர்மாகோல் உள்ளீடும், எபாக்ஸி என்ற வேறு வகை ரெசினால் ஆன மேலோடும் கொண்ட பலகைகள் உலகெங்கும் வேகமாகப் பரவின. அந்த மேலோட்டில் ஒரு அடுக்குத் துணி கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. வீட்டில் கலந்து காயவைக்கும் எபாக்ஸி 50, 60 டிகிரி சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். அதற்கடியில் இருக்கும் தெர்மாகோலுக்கும் சூடு ஆகாது.

அதனால் மெஷின் வாங்கும்போது எத்தனை வாட் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு மெதுவாக ஓடும் என்று பாருங்கள். சாதாரண 100 மி.மீ. கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. அதாவது டிஸ்கின் விளிம்பு நொடிக்கு 57 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கார் பெயின்ட் கடைகளில் வைத்திருக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 180 மி.மீ. பாலிஷரை 1,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் 10 மீட்டரைத் தொடாது. பலகை செய்கிறவர்கள் பாலிஷரில் ஃபோம் பேடு மாட்டித் தேய்ப்பது இதனால்தான். தட்டையான இடத்துக்குக் கெட்டியான பேடு, வளைந்த ஓரத்துக்கு மெத்தென்ற பேடு.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பாலிஷரைக்கூடச் சொல்வதில்லை. 5 இன்ச் ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் (சுற்றிக்கொண்டே சின்னச் சின்ன வட்டமாக ஆடித் தேய்க்கும் மெஷின்) போதும். நேரம் பிடிக்கும், ஆனால் சட்டென்று துணியை வெட்டிவிடாது. தூசி உறிஞ்சும் துளைகளும் வேகக் கட்டுப்பாடும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மெஷினின் எடையே போதும், மேலே சாய்ந்து அழுத்தாதீர்கள், விளிம்பைச் சாய்த்துப் பிடிக்காதீர்கள். ஓரங்களையும், பலகைக்கு அடியில் துடுப்புபோல நிற்கும் ஃபின்னின் அடிப்பகுதியையும் கையால் தேய்த்துவிடுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, நானும் கையால்தான் முடிக்கிறேன்.

உப்புத்தாளில் மிச்சம் பிடிக்கப் போகிறவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள். கறுப்பு வாட்டர் பேப்பரை உலர்வாகப் போட்டால் எபாக்ஸி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்த தாள் வெட்டாது, வெறுமனே உரசிச் சூடேற்றும். அடைக்காமலிருக்க மேலே வெள்ளையாகப் பூச்சு கொடுத்த தாள் பெயின்ட் கடைகளில் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். மேடு இருந்தால் 80 நம்பர் தாள், இல்லையென்றால் நேராக 120, பிறகு 180, 220 (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்). அலையில் ஓட்ட 220, 320 அளவு வழுவழுப்பு போதும். பளபளப்பு வேண்டுமானால் 400க்கு மேல் தண்ணீர் விட்டுக் கையால் தேய்க்கலாம். மின்சார சாண்டரோடு தண்ணீர் சேரவே கூடாது. தேய்க்கும் முன் பலகை முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிடுங்கள். கோடு மறைந்ததும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

எப்போது தொடங்கலாம் என்பதைத் தூசியே சொல்லும். வெள்ளைப் பொடியாகப் பறந்தால் சரி. ரப்பர் அழித்த துகள்போல உருண்டு திரண்டால், ஒன்று ரெசின் இன்னும் காயவில்லை, அல்லது சூடேறிவிட்டது. நிறுத்தி உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டியிருந்தால் வேறு இடத்துக்குப் போங்கள். நம் கடற்கரை ஈரக்காற்றில் எபாக்ஸி மேல் மெழுகு மாதிரி ஒரு படலமும் வரும். அதை முதலில் வெறும் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவிவிடுங்கள். கழுவாமல் தேய்த்தால் தாளும் வீண், படலமும் இழுபட்டுப் பரவும். மொட்டை வெயிலில் இந்த வேலை வேண்டாம், காலை நேரமும் நிழலும்தான் சரி.

தூசியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அரைகுறையாகக் காய்ந்த எபாக்ஸியும் அதைக் கெட்டிப்படுத்தக் கலக்கும் ஹார்ட்னரும் தோலில் அலர்ஜி உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால், அப்புறம் துளி பட்டாலே திரும்ப வரும். இதனாலேயே தொழிலை விட்டவர்களும் உண்டு. கண்ணாடி இழைத் தூளும் சேர்ந்து பறப்பதால், கைக்குட்டையோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ போதாது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் அல்லது அதற்கு மேல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, சாண்டரில் வேக்கம் குழாய், இவை நான்கும் வேண்டும். கையில் ரெசின் பட்டால் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், அது தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்து ரெசின் உள்ளே இறங்க வழிவிடும். சோப்பு போட்டுக் கழுவுங்கள். வேலைச் சட்டையைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.