டிரான்ஸ்பார்மருக்குத் திசை கிடையாது

ஆடி முடிந்து ஆவணி முதல் முகூர்த்தம் நெருங்கும்போது மதுரையைச் சுற்றியுள்ள கல்யாண மண்டபங்களிலிருந்து ஜெனரேட்டர் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரே மாதிரி போன் வர ஆரம்பிக்கும். "இன்ஜின் நல்லாத்தான் ஓடுது சார், கரண்ட் மட்டும் வரலை." போய்ப் பார்த்தால் டீசல் இருக்கும், பேட்டரி சரியாக இருக்கும், முதல் செல்ஃபிலேயே இன்ஜின் பிடிக்கும். வோல்ட் மீட்டர் முள் மட்டும் அசையாது. மல்டிமீட்டர் வைத்தால் 3 வோல்ட், 5 வோல்ட் என்று ஏதோ காட்டும். கோடையிலிருந்தே ஓட்டாமல் நிறுத்தி வைத்த செட்டாக இருக்கும்.

இன்ஜின் ஓடினால் கரண்ட் வரும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இன்ஜின் வேலை சுற்றிவிடுவது மட்டும்தான். கரண்ட் உண்டாக, சுற்றுகிற பொருள் காந்தமாக இருக்க வேண்டும். மண்டபத்து ஜெனரேட்டரின் நடுவே சுற்றும் ரோட்டர் நிரந்தரக் காந்தம் இல்லை. இரும்பின்மேல் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அதில் கரண்ட் பாய்ந்தால்தான் காந்தமாகும். அந்தக் கரண்டையும் ஜெனரேட்டரே கொடுத்துக்கொள்கிறது. அப்படியானால் முதல் கரண்ட் எங்கிருந்து வரும்? போன தடவை ஓடியபோது இரும்பில் தங்கிய கொஞ்சம் காந்தத்தன்மையிலிருந்து. அந்தக் கொஞ்சத்திலிருந்து சில வோல்ட் பிறக்கும். அது காயிலுக்குப் போய்க் காந்தத்தைக் கூட்டும். கூடிய காந்தம் இன்னும் கரண்ட் தரும். கண் இமைக்கும் நேரத்தில் 230 வோல்ட்டுக்கு வந்துவிடும். இந்த வழியை 1866-67 வாக்கில் ஜெர்மனியில் வெர்னர் வான் சீமென்ஸும், இங்கிலாந்தில் வேறு சிலரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். பெரிய ஜெனரேட்டர்கள் சாத்தியமானதே அதற்கப்புறம்தான்.

நாள்பட சும்மா நின்றால் சில செட்களில் அந்த மிச்சக் காந்தம் மங்கிப்போகும். வோல்ட்டைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர். என்ற போர்டைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பேட்டரியை ஃபீல்டு காயிலுக்கு, அதாவது காந்தத்தை உண்டாக்கும் காயிலுக்கு, சில விநாடி காட்டினால் திரும்பி வரும். இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். பிளஸ் மைனஸ் மாறினாலும், ஏ.வி.ஆர். இணைப்பில் இருந்தாலும் செலவு கூடும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் லோடு போட்டு ஓட்டினால் இந்தப் பிரச்சினை அநேகமாக வராது.

சரி, சுற்றும் காந்தத்திலிருந்து கரண்ட் எப்படி வருகிறது? 1831-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு காயில்களைத் தனித்தனியாகச் சுற்றினார். ஒன்றைப் பேட்டரியில் இணைத்தார். இன்னொன்றின் அருகே காந்த ஊசி. பேட்டரியை இணைத்த நொடியில் ஊசி அசைந்து பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கரண்ட் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தபோது அசையவே இல்லை. பேட்டரியைப் பிரித்த நொடியில் எதிர்ப்பக்கம் அசைந்தது. காந்தம் இருந்தால் மட்டும் போதாது, அது மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே தெரிந்தது. சில வாரங்களிலேயே காந்தத்தைக் காயிலுக்குள் நுழைத்து எடுத்தும் கரண்ட் வரவழைத்தார். இன்றைக்கு மின்காந்தத் தூண்டல் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பது இதைத்தான்.

மண்டபத்து செட் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும், அதாவது விநாடிக்கு 25. ரோட்டரில் நான்கு துருவங்கள் இருப்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு அலை. ஆக விநாடிக்கு 50 அலை, அதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். கடை வாசலில் வைக்கும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரில் பெரும்பாலும் இரண்டே துருவங்கள், அதனால்தான் 3000 சுற்றில் அலறுகிறது. வோல்ட் குறைகிறது என்று கவர்னர் ஸ்குரூவைத் திருகி இன்ஜினை வேகமாக ஓட்டுபவர்கள், அதோடு ஹெர்ட்ஸையும் ஏற்றுகிறோம் என்பதைக் கவனிப்பதில்லை.

நம் ஊர்த் தண்ணீருக்கும் இதில் பங்குண்டு. முல்லைப் பெரியாறு நீர் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் டர்பைன்களைச் சுற்றிவிட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. பின்னர் வைகை அணையில் 3 மெகாவாட் வீதம் இரண்டு சிறிய இயந்திரங்கள். மதுரைக்கு வந்து சேரும் தண்ணீரில் ஒரு பகுதி, இப்படி வழியிலேயே காந்தங்களைச் சுழற்றிவிட்டு வந்த தண்ணீர்.

இப்போது ஒரு சோதனை. பழைய பிரிண்டரைக் கழற்றினால் உள்ளே ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும். அதன் தண்டை விரலால் திருப்புங்கள், சுலபமாகச் சுற்றும். ஒரு காயிலின் இரண்டு முனைகளில் சிறிய எல்.இ.டி. ஒன்றை வைத்து வேகமாகத் திருப்பினால் விளக்கு மின்னும். மோட்டார் என்று வாங்கியது ஜெனரேட்டராகிவிட்டது. அடுத்து எல்.இ.டி.யை எடுத்துவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுத் திருப்புங்கள். தண்டு இறுகிப்போனது விரலுக்கே தெரியும். பிறந்த கரண்ட் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கிறது. இதை 1834-ல் விதியாக எழுதியவர் லென்ஸ் என்ற இயற்பியலாளர். மண்டபத்தில் ஏ.சி.யைப் போட்டதும் இன்ஜின் சத்தம் கனமாகிறதே, அதுவும் இதே எதிர்ப்புதான். அந்த எதிர்ப்பைத் தள்ளிச் சுற்றத்தான் டீசல் எரிகிறது.

டீசலும் வேண்டாம், ஈ.பி.யும் வேண்டாம், காந்தமே காலமெல்லாம் சுற்றும் என்று வீடியோக்களில் காட்டும் 'ஃப்ரீ எனர்ஜி' ஜெனரேட்டர்களைப் பற்றி மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். தண்டு இறுகியதை விரலால் உணர்ந்தவர் அதற்குப் பணம் கட்ட மாட்டார். கரண்டை எடுக்க எடுக்கச் சுற்றுவது கடினமாகும். அந்த உழைப்பை யாராவது கொடுத்தே ஆக வேண்டும். தயவுசெய்து முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.

அந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மோட்டாருக்குள் கரண்ட் போனால் சுற்றும், சுற்றினால் கரண்ட் வரும். இரண்டு பக்கமும் ஒரே விதி. தெருமுனை டிரான்ஸ்பார்மரும் அப்படியே. ஃபாரடேயின் வளையம்தான் பெரிதாக வளர்ந்து கம்பத்தில் உட்கார்ந்திருக்கிறது. 11,000 வோல்ட்டை வாங்கி, ஒரு பேஸுக்கு 250 வோல்ட்டாகக் குறைத்து நம் வீட்டுக்கு அனுப்புகிறது. இரண்டு காயில்களிலும் உள்ள கம்பிச் சுற்றுகளின் விகிதம் 44-க்கு 1. அடிப்பக்கத்திலிருந்து, அதாவது வீட்டுப் பக்கத்திலிருந்து, 230 வோல்ட்டைக் கொடுத்தால் மேல்பக்கம் ஏறத்தாழ 10,000 வோல்ட் தோன்றும். கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு இருப்பதுபோல டிரான்ஸ்பார்மருக்குள் திரும்பிப் போகாமல் தடுக்க எதுவும் இல்லை.

அடிப்பக்கத்திலிருந்து யார் கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். நாம்தான் கொடுக்கிறோம். கரண்ட் போனதும் சின்ன ஜெனரேட்டரை எடுத்து, இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயர் ஒன்றால் வீட்டின் 15 ஆம்ப் சாக்கெட்டில் சொருகிவிடுகிறார்கள். வீடு முழுக்க விளக்கு எரிகிறது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டோமே என்பார்கள். ஒருநாள் மறந்தால்? அல்லது வீட்டில் இல்லாதபோது பையன் போட்டால்? மெயின் இறங்கவில்லை என்றால் நம் ஜெனரேட்டரின் கரண்ட் மீட்டர் வழியாகக் கம்பத்துக்கு ஏறிவிடும். கழற்றிய பிளக்கின் பித்தளை முனைகளிலும் உயிரோடு 230 வோல்ட் இருக்கும், அது வேறு ஆபத்து.

கோடை மழையில் வேப்பங்கிளை முறிந்து லைன் அறுந்த ஓர் இரவு, திருமங்கலம் பக்கம் ஒரு தெருவுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். தெரு முழுக்க இருட்டு. ஒரே ஒரு வீட்டில் ஜெனரேட்டர். அதற்கு இரண்டு வீடு தள்ளி, ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இல்லாத வீட்டின் வாசல் பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் போதும், நடப்பது என்னவென்று புரிய. ஓடிப்போய் அந்த செட்டை அணைக்கச் சொன்னோம். சிறிது நேரத்தில் லைன்மேன் ஏணியோடு வந்தார்.

"தெருவே இழுத்தால் சின்ன செட் தாங்காது, தானே நின்றுவிடுமே" என்று இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். தெரு முழுவதும் லோடில் இருந்தால் நிற்கத்தான் செய்யும். ஆனால் காற்றில் வயர் அறுந்திருக்கும்போது நம் பக்கத்துக் கம்பித் துண்டில் இரண்டு மூன்று வீடு மட்டும் மிஞ்சியிருக்கும். அதைச் சின்ன செட் சுலபமாகத் தாங்கும். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிவிட்டு ஏறினாலும் கம்பத்துக் கம்பியில் நம்முடைய 230 வோல்ட் இருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். இன்ஜின் திணறி நிற்பதற்கு முந்தைய ஒரு விநாடி போதும். கம்பிகளை எர்த் செய்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் லைன்மேனுக்கான முறை. மழை இரவில், ஊரே கரண்ட் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் ஒரு படியைத் தவறவிட்டால் அதற்கு விலை அவருடைய உயிராக இருக்கக் கூடாது.

ஈ.பி. கரண்ட் திரும்பி வரும்போது நமக்கும் நஷ்டம் இருக்கிறது. இரண்டு அலைகளும் ஒத்துப்போகாமல் மோதும்; ஜெனரேட்டர் வைண்டிங் கருகும், இணைப்பில் தீப்பிடிக்கவும் கூடும்.

வேண்டியது ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் ஈ.பி., மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாத அமைப்பு. இதிலும் ஏமாறுகிறோம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எம்.சி.பி. (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்) வைத்து "ஒன்றை இறக்கிவிட்டு மற்றதை ஏற்றுங்கள்" என்று எழுதி ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அது சேஞ்ச் ஓவர் ஆகாது. ஒன்று ஏறியிருந்தால் மற்றது ஏற முடியாதபடி நடுவில் இயந்திரத் தடை இருக்க வேண்டும். இன்னொன்று, காசு மிச்சம் என்று பேஸை மட்டும் மாற்றும் சுவிட்ச். நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும். வீட்டுக்கு இரண்டு கம்பியையும் மாற்றும் 'டபுள் போல்' சுவிட்ச், திரீ பேஸுக்கு நான்கு கம்பியையும் மாற்றும் 'ஃபோர் போல்' சுவிட்ச். தானாக மாறும் பேனல் வைத்திருக்கும் மண்டபங்களில், கான்டாக்டர்களுக்கு (கரண்டால் இயங்கும் சுவிட்சுகளுக்கு) இடையே அதே இயந்திரத் தடை, அதாவது மெக்கானிக்கல் இன்டர்லாக், இருக்கிறதா என்று வேலை முடிந்த அன்றே கேட்டுப் பாருங்கள்.

மாடியில் சோலார் போட்டவர்கள், கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே என்று குறைப்படுகிறார்கள். ஈ.பி. லைனோடு இணைந்த இன்வெர்ட்டர், லைனில் வோல்ட் இல்லை என்று தெரிந்ததும் தன்னை நிறுத்திக்கொள்ளும்படி செய்யப்பட்டது, அதே லைன்மேனுக்காக. பெட்ரோல் ஜெனரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது.

கோயில் திருவிழாவுக்கு வாடகை செட் எடுக்கும் கமிட்டிக்காரர்களுக்கு: சீரியல் செட்டையும் மைக்கையும் ஜெனரேட்டரிலிருந்து தனி போர்டு வைத்துக் கொடுங்கள், தெருவிளக்குக் கம்பியிலோ பக்கத்து வீட்டு சாக்கெட்டிலோ சேர்க்க வேண்டாம். செட்டுக்கு எர்த் அடித்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய அறையிலோ ஷட்டர் இறக்கிய கடையிலோ ஓட்டாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தெருவில் லைன்மேன் கம்பத்தில் ஏறுவதைப் பார்த்தால் முதலில் செட்டை நிறுத்துங்கள். அப்புறம் கீழே நிற்கும் அவருடைய உதவியாளரிடம் போய், எந்தெந்த வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.