பேரீச்சம்பழத்துக்குப் போகாத ஜீப்

சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் தேடி அலைந்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம். கடை வாசலில் கிரீஸ் பிசுக்கோடு ஆக்சில்கள், அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சுகள், விறகுக் கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். "ஜீப் ஃப்ரண்ட் ஆக்சில் இருக்கா அண்ணே?" என்று கேட்டால், "எத வேணா எடு தம்பி, எல்லாம் ஜீப்புதான், அப்படியே உக்காரும்" என்று பதில் வரும். அவர் சொல்வது பெரும்பாலும் பொய்யில்லை. அப்படியே உட்காரும். உட்கார்ந்த பிறகுதான் வம்பு ஆரம்பிக்கும்.

முதலில், அது ஏன் உட்காருகிறது என்று பார்ப்போம். 1941-இல் அமெரிக்க ராணுவம் கேட்ட எண்ணிக்கையில் ஜீப் செய்து தர வில்லிஸ் நிறுவனம் ஒன்றால் மட்டும் முடியவில்லை. அதே வரைபடங்களை ஃபோர்டிடமும் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். வில்லிஸ் வண்டியின் பாகம் ஃபோர்டு வண்டியிலும் ஃபோர்டின் பாகம் வில்லிஸிலும் பொருந்தியாக வேண்டும். போர்முனையில் உடைந்த இரண்டு ஜீப்பிலிருந்து ஓடுகிற ஒரு ஜீப்பைத் தேற்ற வேண்டுமே! போர் முடிவதற்குள் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின.

இப்படிப் பொருந்த வைத்தது எப்படி? 25 மி.மீ. துளை போடச் சொன்னால் எந்த இயந்திரமும் அச்சு அசலாக 25-இல் நிறுத்தாது. ஒரு மயிரிழை கூடும், குறையும். அதனால் வரைபடத்தில் அளவோடு சேர்த்து, எவ்வளவு முன்னே பின்னே போகலாம் என்பதையும் எழுதிவிடுவார்கள். தொழிற்சாலையில் சோதிப்பவர் கையில் இரண்டு முனை உள்ள ஓர் அளவுகோல் இருக்கும். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. வெவ்வேறு ஊர்களில், ஒருவரை ஒருவர் பார்த்தே இராத தொழிலாளிகள் செய்த பாகங்கள் 80 வருடம் கழித்தும் ஒன்றோடொன்று சேர்வதற்கு அந்த எளிய அளவுகோல் ஒரு முக்கியக் காரணம். இதில் ஒரு வேடிக்கை, தன் பாகங்களை அடையாளம் காண ஃபோர்டு போல்ட்டுத் தலையில்கூட ஆங்கில 'எஃப்' எழுத்தைக் குத்தி வைத்தது.

இந்தியாவில் 1947-இல் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன சிஜே-3பி என்ற மாடல், நம் ஊரில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது. இங்கே பழைய ஜீப்புக்குச் சாமான் கிடைப்பது அதனால்தான்.

சரி, வம்புக்கு வருவோம். ஆக்சிலின் நடுவே இருக்கும் உருண்டைக்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் இருக்கின்றன. எஞ்சினிலிருந்து வரும் தண்டு பினியனைச் சுற்றும், பினியன் கிரவுனைச் சுற்றும், கிரவுன் சக்கரத்தைச் சுற்றும். போர்க்கால ஜீப்பில் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8. வகுத்தால் 4.88. தண்டு 4.88 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். போருக்குப் பிறகு உழவுக்கும் சுமைக்கும் இழுவை வேண்டும் என்று, பொதுமக்களுக்கு வந்த ஜீப்புகளில் 43-க்கு 8 என்று பரவலாக மாற்றினார்கள். அது 5.38. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஆக்சிலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

முன்னால் 4.88, பின்னால் 5.38 என்று மாட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டூ-வீலில், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் தள்ளப் போகும்வரை ஒன்றும் தெரியாது. நாலு சக்கரமும் இழுக்க ஃபோர்-வீல் போட்டதும், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் தண்டையும் பின் தண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். டயரின் சுற்றளவு சுமார் 2.25 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 444 தடவை சுற்றும். அதற்கு முன் தண்டு 2,167 சுற்றும் பின் தண்டு 2,389 சுற்றும் கேட்கும். 222 சுற்று உதைக்கிறது. சேற்றிலோ மணலிலோ டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும். தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. தண்டுகள் துணி பிழிவது போல முறுக்கேறி, கடைசியில் எது இளைத்ததோ அது உடையும்.

இதைக் கடை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆக்சிலின் ஒரு பக்கத்து ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டும் முனையை, நண்பர் ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். மறுபக்கத்தை நீங்கள் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் நின்றிருந்தால் மறுபக்கம் இரு மடங்கு சுற்றும், இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலின் குணம் அது. அதனால் உங்கள் இரண்டு சுற்று கிரவுனின் ஒரு சுற்றுக்குச் சமம். அதற்குள் பினியன் ஐந்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 4.88. ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் 5.38. ஒரு சாக்பீஸ் கோடு போதும்.

கிரவுன் ஒரு கடையில், பினியன் ஒரு கடையில் என்று வாங்குவதையும் மறந்துவிட வேண்டும். வருடக்கணக்கில் ஒன்றையொன்று தேய்த்துத் தமக்கென்று ஒரு தடம் போட்டுக்கொண்ட ஜோடி அது. பிரித்து வேறோடு சேர்த்தால் ஊளையிடும்.

தேய்மானமாவது கண்ணுக்குத் தெரியும். விரிசல் தெரியாது. இரும்பு ஒரே அடியில் உடைவதைவிட, லட்சம் தடவை லேசாக வளைந்து நிமிர்ந்து களைத்து உடைவதுதான் அதிகம். மயிரிழை விரிசலைப் பார்க்கப் பழைய பட்டறை வித்தை ஒன்று உண்டு. பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவிக் காத்திருப்பது. விரிசலுக்குள் புகுந்த எண்ணெயைத் தூள் வெளியே உறிஞ்சும், வெள்ளையில் ஈரக் கோடு ஒன்று மெல்ல எழும். கோடு எழுந்தால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடலாம். எழாவிட்டாலும் ஸ்டியரிங், பிரேக் சாமான்களை நான் பழசாக வாங்குவதில்லை. அந்த விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

இன்னொன்று, போர்க்கால ஜீப்பின் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு மரை தலைகீழ். சக்கரம் சுழலும் திசையே நட்டைத் தளர்த்திவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இது தெரியாமல் ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி, மேலே ஏறி நின்று, இரண்டு ஸ்டட்டை முறித்தவன் நான். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் துரு. இரும்பு, ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்தால் வருவது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். போல்ட்டு பிடித்துக்கொள்வது அதனால்தான், மரை இடுக்கில் துரு ஆப்பு வைக்கிறது. நட்டை மட்டும் சூடாக்கினால் அது போல்ட்டைவிடச் சற்று விரியும், ஆப்பு நெகிழும்.

துரு ஏறிய பிராக்கெட், மூடி போன்றவற்றுக்குச் சுத்தியலும் உப்புத்தாளும் வேண்டாம், மின்சாரம் போதும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், கைப்பிடி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். பாகத்தை மைனஸில் மாட்டவும். பிளஸ்ஸில் ஏதாவது பழைய இரும்புத் தகடு. எலக்ட்ரான்கள் பாகத்துக்குள் பாய, துருவில் ஒரு பகுதி கறுப்பு ஆக்சைடாக மாறி இளகும், மேற்பரப்பில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் மீதியை நெம்பித் தள்ளும். நல்ல இரும்பு கரையாது, அமிலத்தைவிட இது மேல் என்று நான் சொல்ல அதுதான் காரணம். திறந்தவெளியில் வைத்துச் செய்யுங்கள், ஹைட்ரஜன் தீப்பற்றும். தகட்டுக்கு எவர்சில்வர் கூடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். கமான் பட்டை போன்ற கடினமாக்கிய எஃகையும் இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் அது நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும்.

ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் காலையில் எடுத்து, கறுப்புச் சேற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உடனே காயவைத்து பிரைமர் அடித்துவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனால், திரும்புவதற்குள் மஞ்சள் பூத்திருக்கும். மஹிந்திரா சாமான் என்று சொல்லி வாங்கிய ஒரு பிராக்கெட்டை அப்படி அவசரமாகத் தேய்த்தபோதுதான், அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்த போல்ட்டின் தலையில் ஏதோ எழுத்து தட்டுப்பட்டது. துணியால் துடைத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். 'எஃப்'.