அந்தப் பிளாஸ்திரியைப் பிரித்துவிடுங்கள்

நேற்று மாலை ஓபியில் நாலரை வயதுப் பெண் குழந்தை. இடது கை விரல்கள் நான்கையும் சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அடிபட்டதா என்றேன். "இல்ல டாக்டர், பீச்சாங்கையிலேயே எழுதுறா. மிஸ் மாத்தச் சொன்னாங்க" என்றார் அம்மா. பிரித்தால், விரலிடுக்கில் தோல் ஊறி வெளுத்திருந்தது. இந்த மாதம் இது மூன்றாவது குழந்தை.

கூட வந்த பாட்டி, "எங்க பக்கம் யாருக்கும் இல்ல, எல்லாம் இவ அம்மா வீட்டு வழி" என்றார். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. 'இடதுகை மரபணு' என்று ஒன்று தனியாகக் கிடையாது. 17 லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், இடதுகைப் பழக்கத்தோடு தொடர்புள்ள 41 இடங்கள் மரபணுத்தொகுதியில் தெரிந்தன. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். இரட்டையர் ஆய்வுகளின்படி, மொத்த மரபுப் பங்கே சுமார் கால்வாசி. அச்சாக ஒன்றுபோல் இருக்கும் இரட்டையரிலேயே ஒருவர் இடது, மற்றவர் வலது என்று அமைவதுண்டு. இடதுகைக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாய் தந்தை இருவருமே வலதுகைக்காரர்கள். மருமகளை விட்டுவிடுங்கள், பாட்டி.

இடதுகைக் குழந்தைக்கு மூளை இடம் வலம் 'திரும்பி' இருக்கிறது என்று சிலர் சொல்வதும் தவறு. பேச்சுக்கான பகுதி, வலதுகைக்காரர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு இடது மூளையில் இருக்கிறது. இடதுகைக்காரர்களிலும் சுமார் 70 பேருக்கு அதே இடதுபக்கம்தான். வயிற்றுக்குள் கட்டைவிரல் சூப்பும்போதே எந்தக் கை முந்தும் என்ற சாய்வு ஸ்கேனில் தெரிகிறது. அதை எல்.கே.ஜி.யில் அடித்து மாற்றப் பார்ப்பது கொடுமை.

கட்டாதீர்கள், அடிக்காதீர்கள். பென்சிலைப் பிடுங்கி மறு கையில் திணிக்காதீர்கள். பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், பக்கத்துக் குழந்தையின் முழங்கை இடிக்காது. நோட்டை வலப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைத்தால் போதும், கையெழுத்து தானாக வரும்.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடத்தில்தான் வீடுகள் அசட்டையாக இருக்கின்றன. போன வருடம் வந்த பதினோரு மாதப் பையனை "தாத்தா மாதிரி இடதுகைக்காரன்" என்று கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கிலுகிலுப்பையை வலப்பக்கம் நீட்டினேன். உடம்பையே திருப்பி இடது கையால்தான் எட்டிப் பிடித்தான். வலது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடந்தது. வலது கையை இயக்கும் மூளையின் இடதுபக்கத்தில் பாதிப்பு. அதனால் அந்த வலது கையில் பலமே இல்லை. ஒரு வயதுக்குள் குழந்தை இரண்டு கையையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்தும். ஒரே கையைத்தான் நீட்டுகிறது, மறு கை மூடியே இருக்கிறது என்றால், தயவுசெய்து அடுத்த தடுப்பூசித் தேதிவரை காத்திருக்காமல் அந்த வாரமே தூக்கிக்கொண்டு வாருங்கள்.